பதினாறாம் வாரம்

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை தோல்வி.

அன்று இளவெயினிக்கு எதிரே, கேரம் பலகையின் மறுபுறம், மாவட்ட அளவில் ஆடுகிற பெண் ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. தோற்றபின் செய்ய வேண்டியவற்றை வெயினி வரிசையாகச் செய்தாள். முகம் வாடியது. பிறகு நிமிர்ந்தாள். எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அந்தக் கடைசிக் காயை எப்படிப் போட்டே? ஒரு தடவ காட்டேன்" என்று கேட்டாள். காட்டியதைக் கவனமாகப் பார்த்தாள்.

சுகன்யா மிஸ் பலகைக்கணினியைப் பார்த்தபடி அருகில் வந்தார்.

"முகம் வாடினது சரி. ஆனா நிமிர்றதுக்கு எட்டு வினாடி ஆச்சு வெயினி. போன வாரம் நாலுதான்."

"சரிங்க மிஸ்."

"இப்படியே போனா மீள்திறன் எறங்கிரும். பாத்துக்கோ."

வெயினிக்குப் பெருமூச்சு வந்தது. இடது மணிக்கட்டில் இருந்த பட்டையின் பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். பெருமூச்சு பதிவாகும். தண்ணீர் குடிப்பதில் தவறில்லை.

நுழைவுத் தேர்வுகளை ஒழித்தபோது அவளுக்கு ஐந்து வயது. திருச்செங்கோடு முழுக்க அன்று லட்டு கொடுத்தார்கள். இனி எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்து சாக வேண்டாம் என்று அவள் அம்மா ஷர்மிளா அழுதேவிட்டாள். தேர்வுக்குப் பதிலாக முன்னுரு வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகள் ஒரு மாணவி அணியும் பட்டை, அவள் எதற்குச் சிரிக்கிறாள், எதற்குச் சோர்கிறாள், சாப்பாட்டில் எதை ஒதுக்குகிறாள் என்று எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவிலிருந்து அவளைப் போலவே நினைக்கிற, அவளைப் போலவே கோபப்படுகிற ஓர் உருவைக் கணினிக்குள் எழுப்புவார்கள். ஒவ்வொரு கல்லூரியும் அதைத் தன் வளாகத்தின் கணினி நகலுக்குள் விட்டு நான்கு ஆண்டுகளை ஓட்டிப் பார்க்கும். பெரிய கல்லூரிகளில் இதற்குப் பதினொரு நிமிடம் ஆகும். முன்னுரு படித்துத் தேறினால் ஆளுக்கு இடம் உண்டு.

இதில் ஏமாற்ற வழியே இல்லை என்றார்கள். பள்ளிகளுக்கு வழி கண்டுபிடிக்க ஓர் ஆண்டுதான் ஆனது. விடையைத் தயாரிக்க முடியாவிட்டால் என்ன, ஆளையே தயாரித்துவிடலாம். வெயினி படித்த விடுதிப் பள்ளியில் திங்கட்கிழமை ஆர்வம், செவ்வாய்க்கிழமை நட்பு. புதன்கிழமை காலையில் சண்டை போட்டுவிட்டு மதியத்துக்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும்.

அன்று பாடவேளை முடிவதற்குள் முதல்வர் அழைப்பதாக ஆள் வந்தது.

முதல்வர் திருமலைராஜனின் அறையில் அவளுடைய அப்பா லோகநாதன் உட்கார்ந்திருந்தார். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. ஆண்டில் பத்து மாதம் ராய்ப்பூர்ப் பக்கம் இருப்பவர், முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். முழங்கையில் இன்னும் கிரீஸ் கறை போகவில்லை.

"பதினாலு காலேஜுக்கு அனுப்பினோம்" என்றார் முதல்வர். "பதிமூணு வேண்டாம்னு சொல்லிருச்சு. ஒண்ணு நிலுவைல இருக்கு."

வெயினி தன் முகம் எத்தனை வினாடி வாட வேண்டும் என்று யோசித்தாள். தோன்றவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"காரணம் என்னங்க சார்?" என்றார் லோகநாதன்.

"அதான் புரியல. மீள்திறன் நல்லாருக்கு, தோழமை நல்லாருக்கு. ஆனா பதிமூணும் ஒரே வரிய எழுதியிருக்கு. ‘முதல் பருவம், பதினாறாம் வாரம், ஓட்டம் நிறுத்தப்பட்டது.’ நம்ம பள்ளிக்கூடத்துல இப்படி நடந்ததே இல்லீங்க. சட்டப்படி ஒரு தடவ முன்னுருவ நேர்ல பாத்துப் பேசலாம். சேலத்துல அதுக்குன்னு நிலையம் இருக்கு. போய் என்ன கோளாறுன்னு கேட்டுட்டு வாங்க. சரிபண்ணி மே மாசம் மறுசுற்றுக்கு அனுப்பிரலாம்."

மறுநாள் காலை இருவரும் சேலத்துக்குப் பேருந்து ஏறினார்கள். ஜன்னலோரம் வெயில் அடித்தது. வெயினியின் கண்கள் செருகுவதும், அவள் உடனே நிமிர்ந்து உட்காருவதுமாக இருந்ததை லோகநாதன் சங்ககிரி வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தோள்ல சாஞ்சுக்கோ கண்ணு. எறங்கறப்ப எழுப்பறேன்."

"வேண்டாம்ப்பா. பகல்ல தூங்கினா பட்டைல ஏறும்."

"ஏறினா?"

"முனைப்புல கொறையும்."

அவர் எழுந்து ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிட்டார்.

நிலையத்தில் கூட்டம் இல்லை. சுவரோடு சுவராக ஆள் உயரத் திரை ஒன்றும், அதன் எதிரே மூன்று நாற்காலிகளும் இருந்தன. உதவியாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. வெயினியின் கையைப் பட்டையோடு வருடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருபது நிமிஷம் கெடைக்கும். பதிமூணு நின்னு போனது. எதப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"எதுன்னாலும் சரிங்க" என்றாள் வெயினி.

திரையில் ஒரு விடுதி அறை தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே பூட்டைக்கூடத் திறக்காத பெட்டி. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் முதுகை லோகநாதனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அது அவர் மகளின் முதுகு.

"தூங்குதா?"

"ஆமாங்க."

"எழுப்புங்க. பேசணும்."

"எழாதுங்க." உதவியாளர் பதிவைப் படித்தார். "மொத நாள் வந்து படுத்தது. தோழி எழுப்பிப் பாத்திருக்கா, வார்டன் பாத்திருக்காங்க, டாக்டரும் வந்திருக்காரு. நோய் ஒண்ணும் இல்லையாம். பதினாறு வாரம் வகுப்புக்கு வரலைன்னா ஓட்டத்த வெட்டிருவாங்க. கணினி நேரம் மிச்சம் பாருங்க."

அடுத்த கல்லூரியைத் திறந்தார். சுவர் நீல நிறமாக இருந்தது. அதே முதுகு. அதற்கடுத்ததில் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. அங்கேயும் அதே முதுகு. நான்காவதைத் திறக்கப் போனபோது லோகநாதன், "போதுங்க" என்றார்.

வெயினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வருத்தம் வரவில்லை. அந்தக் கட்டிலில் இருப்பவள்மேல் பொறாமையாக இருந்தது.

"அந்தப் பதினாலாவது?" என்று கேட்டாள்.

உதவியாளர் தேடினார். கொல்லிமலை அடிவாரத்தில் மண்ணும் நீரும் பற்றிப் படிக்கிற ஒரு சிறிய கல்லூரி. பட்டியலில் பதினான்காவதாக ஏதாவது ஒன்றை நீயே எழுது என்று பள்ளியில் சொன்னபோது வெயினி தானாக எழுதியது அது ஒன்றுதான்.

"இது இன்னும் ஓடிட்டிருக்கே!" உதவியாளருக்கே ஆச்சரியம். "பழைய கணினிங்க அவங்களோடது. நாலு வருஷம் ஓட ரெண்டு மாசம் ஆகும். பாதில வெட்டற வசதியும் அதுல இல்ல. இதுவும் மொதல்ல தூங்கித்தான் கெடந்திருக்கு. இப்ப மூணாம் வருஷம் நடக்குது. பேசறீங்களா? பேசினது அதுக்கு அப்புறம் ஞாபகம் இருக்காது. அழிச்சிருவோம்."

திரை மாறியது. வராந்தாவில் ஒரு பெண் நின்றிருந்தாள். முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். சுடிதாரின் ஓரமெல்லாம் சேறு.

"நான் முன்னுருன்னு இப்பத்தான் சொன்னாங்க" என்றாள் அவள். குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு, "பரவால்ல. நாளைக்கு ஆய்வகத் தேர்வு வேற இருக்கு. நீ பன்னெண்டாவதா?"

"ஆமா."

"இன்னும் பட்டை இருக்கா?"

வெயினி கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏன் அத்தன நாள் தூங்கினே?" என்று கேட்டாள்.

"தெரியல. மொத நாள் பெட்டிய வச்சேன். கதவச் சாத்தினேன். கையில பட்டை இல்ல. யாரும் பாக்கலன்னு தோணுச்சு. படுத்தேன். அவ்ளோதான்."

"எழணும்னு தோணலையா?"

"தோணும். வார்டன் கதவத் தட்டறது காதுல விழும். கால் வராது. வெக்கமா இருக்கும். அந்த வெக்கத்தோடயே மறுபடி தூங்கிருவேன்."

"அப்புறம் எப்படி எழுந்தே?"

முன்னுரு யோசித்தாள். "இருபத்தி மூணாவது வாரம்னு நெனைக்கறேன். ஒரு மத்தியானம் பசிச்சுது."

"பசிச்சுதா?"

"ஆமா, சும்மா பசிதான். மெஸ்ல எலுமிச்சை சாதம். ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன். வெளிய வந்தா பசங்க போர் போட எடம் குறிச்சிட்டிருந்தாங்க. தப்பான எடம். அங்க பாறைதான் இருக்கும்னு சொன்னேன். கேக்கல. முந்நூறு அடி போட்டும் புழுதிதான் வந்துச்சு."

அவள் சிரித்தாள். எத்தனை வினாடி என்று வெயினி தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். பத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

"அந்த வருஷம் மொத்தமாப் போச்சு. திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன். இப்பக்கூட ரெண்டு பாடம் பாக்கி" என்றாள் முன்னுரு. "பக்கத்துல யாரு, அப்பாவா?"

லோகநாதன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். திரையில் இருப்பதோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "நல்லாருக்கியா சாமி?" என்றார்.

"நல்லாருக்கேன்ப்பா. அந்த அஞ்சு மாசமும் நீங்க ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கூப்பிட்டீங்க. ஒண்ணுகூட எடுக்கல. கோவம் இல்லப்பா."

"மணி அடிச்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப சரி" என்றார் அவர். "கேட்டாப் போதும்."

உதவியாளர் கடிகாரத்தைக் காட்டினார். வெயினி அவசரமாக, "நான் கடைசில என்ன ஆவேன்?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? நானே இன்னும் மூணாம் வருஷந்தான" என்றாள் முன்னுரு. திரை அணைந்தது.

திரும்பி வரும் பேருந்தில் வெயினி அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். பட்டையின் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளாகி, ஊர் வருவதற்குள் சிவப்பானது. லோகநாதன் தன் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

முதல்வருக்கு விஷயம் கேட்டதும் தெளிவு வந்துவிட்டது. "சோர்வு! இவ்வளவுதானா? மூணு மாசம் உற்சாகப் பயிற்சி கொடுத்தாப் போதும். மறுபதிவு பண்ணி மே மாசம் அனுப்பிரலாம். நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்று தொலைபேசியில் சொன்னார். அன்று மாலை வீட்டில் இதுதான் பேச்சாக இருந்தது.

ஷர்மிளா ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். சீருடையைக்கூட மாற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"இன்னும் மூணு மாசந்தான. இத்தன வருஷம் பொறுத்துட்டோம்" என்றாள் கணவனிடம். "அந்தப் பழைய கணினிய நம்பிட்டு உக்காந்திருக்க முடியுமாங்க? அதுவும் வேண்டாம்னு சொல்லிட்டா புள்ள எங்க போவா?"

"அவளையே கேளு" என்றார் லோகநாதன்.

வெயினி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "மூணு மாசம் உற்சாகமா இருக்கச் சொல்றாங்கம்மா."

"இருந்துட்டுப் போயேன் கண்ணு."

"எப்படிம்மா இருக்கறது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஷர்மிளா தினமும் நூறு நோயாளிகளைப் பார்க்கிறவள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை, உதட்டின் வெடிப்பை, மடியில் கிடந்த கைகளை முதன்முறையாக ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் நாடி பார்க்க அவள் இடது கையை எடுத்தாள். நாடி பிடிக்கிற இடத்தில் பட்டை இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தாள். கீழே தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை.

"அந்தப் பைய எடுங்க" என்றாள் கணவனிடம்.

பையிலிருந்து கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். பட்டையை வெட்டினால் மறுசுற்று கிடையாது என்று அவளுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பலமுறை சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை அழுத்தியதில் நார் அறுந்து பட்டை தரையில் விழுந்தது. மூன்று ஆண்டுகளாக வெயில் படாத தோல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஷர்மிளா அதன்மேல் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினாள். எண்ணி முடித்தபோது வெயினி அவள் மடியில் சாய்ந்திருந்தாள்.

அதன்பின் வெயினி தூங்கினாள். பிப்ரவரி போனது, மார்ச் போனது. ஷர்மிளா வேலைக்குப் போகும்முன் சோற்றை மூடிவைத்துவிட்டுப் போவாள். சில நாள் அது குறைந்திருக்கும். அக்கம்பக்கத்தார் கேட்டதற்கெல்லாம் காமாலை என்று சொல்லிவைத்தாள். ராய்ப்பூருக்குத் திரும்பிய லோகநாதன் ஞாயிறுதோறும் கூப்பிட்டார். மணி அடித்து ஓயும். எட்டாவது ஞாயிறு வெயினி எடுத்தாள். "என்ன சாப்பிட்டீங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் ரிக் வண்டியின் மறைவுக்குப் போய்த்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் நடுவில் மலையடிவாரக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் முன்னுரு ஐந்தரை ஆண்டுகளில் படிப்பை முடித்தது. தங்களுக்கு இடம் உண்டு. முதல் ஐந்து மாத வருகைப்பதிவு குறித்துக் கவலைப்பட வேண்டாம்.’

அத்தோடு முடியவில்லை. தூங்கி எழுந்த இந்த முன்னுருவைப் பற்றி அந்தக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வெளியிட்டார். பெரிய கல்லூரிகள் அதைப் படித்துவிட்டு, தாங்கள் நிறுத்திய பழைய ஓட்டங்களைத் திறந்து, பதினாறாம் வாரத்தைத் தாண்டி ஓடவிட்டுப் பார்த்தன. ஆயிரக்கணக்கான அறைகளில் ஆயிரக்கணக்கான முதுகுகள் தூங்கிக்கொண்டிருந்தன. முக்கால்வாசிப் பேர் என்றாவது ஒருநாள் எழுந்தார்கள். அப்படி எழுந்தவர்கள், தூங்காமலே படித்தவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். மே மாத இறுதியில் கல்லூரிகள் கூடிப் பேசி ஓர் அறிவிப்பு வெளியிட்டன. பிள்ளைகளின் களைப்பைத் தாங்கள் கவனிக்கத் தவறிவிட்டதாகவும், இனிமேல் பதிவில் ‘ஓய்வுத்திறன்’ என்று ஒரு தலைப்பும் சேரும் என்றும் அதில் இருந்தது. ஷர்மிளா அதைச் செய்தியில் கேட்டுவிட்டு, "இனியாவது நல்லாருக்கட்டும்" என்றாள்.

ஜூலையில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வெயினி பள்ளிக்குப் போனாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முதல்வர் திருமலைராஜன் எழுந்து வந்து வரவேற்றார்.

"வாம்மா வா. உன்னாலதான் நமக்கெல்லாம் கண்ணே தொறந்துச்சு. வா, ஒண்ணு காட்டறேன்."

மதிய உணவு முடிந்த நேரம். பழைய கேரம் கூடத்தில் பலகைகளைக் காணோம். ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டிருந்தார்கள். நாற்பது பாய்களில் நாற்பது பத்தாம் வகுப்புப் பெண்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. நாற்பது மணிக்கட்டுகளில் புள்ளிகள் ஒளிர்ந்தன. பலகைக்கணினியோடு சுகன்யா மிஸ் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். வெயினியைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருமையாக இருந்தது.

"தெனமும் ஒன்றரை மணி நேரம்" என்றார் முதல்வர் தாழ்ந்த குரலில். "நடிச்சா பட்டை கண்டுபிடிச்சிரும். நெசமாத் தூங்கினாத்தான் மதிப்பெண்." சான்றிதழில் கையெழுத்துப் போட்டு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

வெயினி கதவோரம் நின்றாள். அருகிலிருந்த பாயில் ஒரு பெண் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, நீங்கதான அந்தத் தூங்கின அக்கா?"

வெயினி குனிந்து உட்கார்ந்தாள். "ஆமா."

"எப்படிக்கா தூங்கினீங்க? எனக்குப் பன்னெண்டு நாளா தூக்கமே வரல. வீட்டுலயும் வரல. ஓய்வுல நாப்பத்திரெண்டுதான் எடுத்திருக்கேன். அம்மா அழறாங்க."

எழுந்து வீட்டுக்குப் போ என்று சொல்ல வெயினிக்கு ஆசையாக இருந்தது. தான் எதைச் சொன்னாலும் அது அந்தப் பட்டையில் அவள் கணக்கில் ஏறும் என்று பயந்தாள். உண்மையை மட்டும் சொன்னாள்.

"தூங்கணும்னு நெனச்சு நான் தூங்கல."

அந்தப் பெண் அதை நம்பிக்கையோடு வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. பக்கத்துப் பாயிலிருந்தவள் தலையை லேசாகத் திருப்பி, "என்னடி சொன்னாங்க?" என்று கேட்டாள். இவள் சொன்னாள். அவள் தனக்கு அடுத்தவளிடம் சொன்னாள்.

முதல்வர் சான்றிதழோடு வந்தபோது கூடம் முழுவதும் மெல்லிய முணுமுணுப்பு பரவியிருந்தது. தூங்கணும்னு நெனச்சு நான் தூங்கல. தூங்கணும்னு நெனச்சு நான் தூங்கல. கண்களை இறுக மூடிக்கொண்டு நாற்பது பேரும் அதை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு மதிப்பெண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் சுகன்யா மிஸ் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.